புறவாசலுக்கு ஒரு மர டேபிள்: மரக்கடையில ஏமாறாம, மழையில வீணாகாம செய்றது எப்படி

எங்க வீட்டுப் புறவாசல்ல ஒரு வேப்பமரம் நிக்குது, அதுக்கு அடியில ஒரு மர டேபிளப் போட்டு சாயங்காலம் காப்பியும் கையுமா உக்காரணும்னு ரொம்ப நாள் ஆசை. கடையில கேட்டா ஒண்ணு பிளாஸ்டிக், இல்லன்னா கம்பி, நல்ல மரத்துல வேணும்னா அவங்க சொல்ற விலைக்கு நாமளே செஞ்சா என்னன்னு தோணிரும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. யூடியூப்ல நாலு வீடியோ பாத்துட்டு இறங்கிட்டேன். முதல் டேபிள் ரெண்டே மாசத்துல முறுக்கிக்கிட்டு நடுவுல வெடிச்சிருச்சு, போன காசு 6,000 ரூபாய். அது இப்போ கோழிக்கூட்டுக்கு மேல மூடியா கிடக்கு. எங்கம்மா வர்றவங்ககிட்ட எல்லாம் "என் மவன் செஞ்ச கூரை"ன்னு காட்டுவாங்க.

ரெண்டாவது டேபிள் ஒரு வருஷத்த தாண்டி சாரலையும் ஐப்பசி மழையையும் தாங்கிட்டு நிக்குது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா என் கைவேலை ஒண்ணும் பெருசா முன்னேறல, மரம் வாங்கின விதமும் அவசரப்படாததும்தான். அதனால இதுல அறுக்குறது முடுக்குறதவிட வாங்குறதப் பத்திதான் நிறைய எழுதியிருக்கேன். நான் இருக்கறது தென்காசி, விலையெல்லாம் நான் கொடுத்தது. உங்க ஊர்ல கூடக் குறைய இருக்கும்.

1. முதல்ல காலண்டரப் பாருங்க

எங்க ஊருக்கு ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சாரல், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அடைமழை. இந்த மழை மாசங்கள்ல மாட்டிக்கிட்டா மரமும் காயாது, பூசுன எண்ணெயும் காயாது. பொங்கல் முடிஞ்சதும் மரம் தேட ஆரம்பிச்சு மார்ச் கடைசிக்குள்ள வேலைய முடிச்சிருங்க. எனக்கு மரம் தேடவே ரெண்டு ஞாயித்துக்கிழமை, அறுத்த பலகைய அடுக்கி வச்சது மூணு வாரம், கைவேலை நாலு நாள், எண்ணெய் பூசி காயவிட்டது ஒரு வாரம், ஆக மொத்தம் ஒன்றரை மாசத்துக்கு மேல. "ஒரு வீக்கெண்ட்ல முடிச்சிரலாம்"னு யாராவது சொன்னா அவங்க மரத்தை காய வைக்கலன்னு அர்த்தம்.

2. இடத்தை அளந்துட்டு அளவ முடிவு பண்ணுங்க

நான் வச்ச அளவு நீளம் 5 அடி, அகலம் 31 இஞ்ச், உயரம் 30 இஞ்ச். ஆறு பேர் நெருக்கி உக்காரலாம், நாலு பேர் தாராளமா சாப்பிடலாம். உயரத்துல மட்டும் புதுமை பண்ணாதீங்க, நம்ம வீட்டு சேர் எல்லாம் 17, 18 இஞ்ச் உயரம்தான், அதுக்கு 30 இஞ்ச் டேபிள்தான் சரியா வரும்.

இதுல ஒரு பொறி இருக்கு. ஹால்ல நிழலா இருக்குன்னு அங்கேயே வச்சு மாட்டிராதீங்க. என் முதல் டேபிள அப்படித்தான் உள்ள வச்சு பசை போட்டு ஒட்டி முடிச்சேன், புறவாசக் கதவு ரெண்டரை அடி, டேபிள் அதவிட அகலம், கால் வேற குறுக்க மாட்டுது. சாய்ச்சு, திருப்பி, கடைசியில கதவையே கழட்டி வெளிய எடுத்தோம். மொட்டை மாடிக்குன்னா மாடிப்படி திருப்பத்தையும் அளந்துக்கோங்க. தேக்கு ஒரு கன அடி சுமாரா 18 கிலோ வரும், இந்த டேபிள் முழுசா 40 கிலோவுக்கு மேல, தனியா தூக்குற சமாச்சாரம் இல்ல.

வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை, அபார்ட்மென்ட் மாடின்னா அசோசியேஷன்ல எழுத்துல ஒரு அனுமதி வாங்கிட்டு ஆரம்பிங்க. செஞ்ச பிறகு எடுக்கச் சொன்னா வயிறு எரியும்.

3. எந்த மரம்

வெளியில கிடக்குற சாமானுக்கு பேரவிட வைரம் முக்கியம். வைரம் பாய்ஞ்ச நடுக்கட்டைதான் மழைய தாங்கும், ஓரத்துல வெளுப்பா இருக்கற பகுதி எந்த மரமா இருந்தாலும் பூச்சிக்குத்தான். பலகைய பாக்கும்போது ஒரு ஓரம் மட்டும் வெளிறிப் போய் இருந்தா அத விட்டுட்டு அளக்கச் சொல்லுங்க.

தேக்கு எல்லாருக்கும் தெரியும், விலையும் தெரியும். எங்க பக்கம் அயினின்னு ஒரு மரம் கிடைக்கும், மலையாளத்துல ஆஞ்சிலிம்பாங்க, படகு கட்டுற மரம்கறதால தண்ணிக்கு அஞ்சாது. பூவரசும் நல்லாத் தாங்கும், ஆனா நீளமா நேரா கிடைக்கிறது கஷ்டம். வேம்பு விலை குறைவு, கரையான் சீக்கிரம் தொடாது, ஆனா பச்சையா வாங்கினா முறுக்கும், அதத்தான் நான் அனுபவிச்சேன். வேங்கையில தண்ணி பட்டா சாயம் இறங்கும், வெள்ளை வேட்டியோட பக்கத்துல உக்காராதீங்க. மா, ரப்பர் ரெண்டும் வீட்டுக்குள்ளன்னா சரி, வெளியில போட்டா பூஞ்சை பிடிச்சு உளுத்துப் போயிரும், கடைக்காரர் "மருந்து ஏத்துனதுங்க"ன்னு சொன்னாலும் வேண்டாம். பனங்கட்டை வைரம் பாய்ஞ்சிருந்தா இரும்புதான், ஆனா சிலாம்பு குத்துனா ஊசி மாதிரி இறங்கும், கை வச்சு சாப்பிடுற டேபிளுக்கு ஒத்து வராது.

நான் ரெண்டாவது தடவை எடுத்தது பழைய தேக்கு. ஓட்டு வீடு இடிக்கிற இடத்துல வர்ற உத்திரம், கைமரம், கதவு நிலை இதையெல்லாம் பழைய மரக்கடையில போட்டு வச்சிருப்பாங்க. பல வருஷமா காய்ஞ்ச மரம், இனிமே முறுக்குறதுக்கு அதுல பெருசா ஒண்ணும் இல்ல. ஆணி ஓட்டை, கருப்புக் கறை எல்லாம் இருக்கும். நாட்டுப்புறத் தோற்றத்துல டேபிள் வேணும்னா அதுதானே அழகே!

4. கன அடி கணக்கு தெரியாம மரக்கடைக்குள்ள போகாதீங்க

மரத்த அடிக்கணக்குல விக்க மாட்டாங்க, கன அடியில சொல்லுவாங்க. கணக்கு சுலபம். நீளத்தை அடியில எடுங்க, அகலத்தையும் கனத்தையும் இஞ்ச்ல எடுங்க, மூணையும் பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி. 5 அடி நீளம், 6 இஞ்ச் அகலம், ஒன்றரை இஞ்ச் கனம்னா 45, அத 144ஆல வகுத்தா 0.31 கன அடி.

இந்த டேபிளுக்கு என்னென்ன வேணும்னா, மேலுக்கு 5 அடியில 6க்கு ஒன்றரை பலகை 5. காலுக்கு ரெண்டரை அடியில 3க்கு 3 கட்டை 4. மிச்சம் எல்லாமே 3க்கு ஒன்றரை சட்டம், அதுல 4 அடி மூணு, 2 அடி நாலு, ரெண்டரை அடி மூணு. பலகை 1.56, கால் 0.63, சட்டம் 0.86, கூட்டினா 3 கன அடிக்குக் கொஞ்சம் மேல. சேதாரத்துக்கு 15 சதவீதம் சேத்து மூன்றரை கன அடி. பழைய மரம்னா முனை அழுகல், ஓட்டைன்னு இன்னும் போகும், நான் 4 கன அடியா வாங்கினேன், மிச்சம் ஒரு சின்ன ஸ்டூலுக்குத்தான் வந்துச்சு.

இப்போ ஏமாறுற இடம் எல்லாம் சொல்றேன். ஒண்ணு, ரவுண்ட் பண்றது. 5 அடி 2 இஞ்ச் கட்டைய அஞ்சரைன்னு எழுதுவாங்க, அஞ்சே முக்கால் அகலத்த ஆறும்பாங்க, ஒன்றரை இஞ்ச் கனத்துல பத்து கட்டைக்கு இப்படி எழுதினா கால் கன அடிக்கு மேல காத்துக்குக் காசு. உங்க டேப்ப நீங்க கொண்டு போங்க, ஒவ்வொரு கட்டையையும் கூட நின்னு அளந்து செல்போன்ல நீங்களும் எழுதுங்க. சண்டை போட வேண்டாம், எழுதுறத பாத்தாலே அவங்க கையி ஒழுங்கா அளக்கும்.

ரெண்டு, இழைப்புல போற கனம். ஒன்றரை இஞ்ச்னு வாங்குற பலகை இழைச்ச பிறகு ஒண்ணேகால்தான் இருக்கும். ஒண்ணேகால் கனம் வேணும்னு ஒண்ணேகால் பலகை வாங்கினா கடைசியில கையில நிக்கிறது ஒரு இஞ்ச்.

மூணு, உருட்டுக் கட்டையா வாங்குறது. அதோட கணக்கே வேற, சுற்றளவ நாலால வகுத்து, அத அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி 144ஆல வகுப்பாங்க. 48 இஞ்ச் சுத்து, 6 அடி நீளம்னா 6 கன அடி. விலை கம்மியா தெரியும், ஆனா அறுத்தா புறணிப் பலகையும் மரத்தூளும் உங்க காசுலதான் போகும். முதல் டேபிளுக்குத் தேவையில்லாத வீரம்.

நாலு, உளுத்த மரம். பழைய கட்டைய தரையில ஒரு தட்டு தட்டுங்க, மாவு மாதிரி பொடி கொட்டுனா உள்ள பூச்சி இன்னும் உயிரோட இருக்கலாம், எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம், வீட்டுல இருக்கற நல்ல கட்டிலுக்கும் அது போயிரும். ஸ்க்ரூடிரைவர் முனையால குத்திப் பாருங்க, பஞ்சு மாதிரி இறங்குனா அழுகல். செவத்துக்குள்ள இருந்த முனையத்தான் முதல்ல குத்திப் பாக்கணும், உத்திரம் அழுகுறதே அங்கதான்.

அஞ்சாவதா பெயின்ட் அடிச்ச கதவுப் பலகை. பழைய எனாமல் பெயின்ட்ல ஈயம் கலந்திருக்கும், அத உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா தூசி நேரா மூச்சுக்குள்ள போகும். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, பெயின்ட் படாத உத்திரம், கைமரமா பாத்து எடுங்க.

5. பில்லும் பேப்பரும்

ஒரு டேபிளுக்கு எதுக்கு பில்லுன்னு நானும் நினைச்சேன். மரத்த வண்டியில ஏத்துனா வழியில நிறுத்திக் கேக்கலாம், அப்போ "கடையில வாங்கினதுங்க"ன்னு வாயால சொன்னா பத்தாது. பில்லுல கடை பேரு, ஜிஎஸ்டி நம்பர், என்ன மரம், எத்தனை கன அடி, என்னைக்கு வாங்கினது இதெல்லாம் இருக்கணும். "மரம் ஒரு லோடு"ன்னு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தா வாங்காதீங்க. பழைய மரம்னா இது பழைய மரம்னே பில்லுல எழுதச் சொல்லுங்க.

எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னொன்னு. புளியரை தாண்டி கேரளாவுல சொந்தக்காரங்க வீட்டுல மரம் சும்மா கிடக்குன்னு கார் டிக்கியில போட்டுக் கொண்டு வர்ற யோசனை இருந்தா விட்டுருங்க. மாநிலம் தாண்டுற மரத்துக்கு வனத்துறை பாஸ் விஷயம் இருக்கு, செக்போஸ்ட்ல மாட்டுனா மரத்தோட வண்டியும் நிக்கும். சொந்தத் தோட்டத்துல நிக்கிற மரம்னாலும் வெட்டுறதுக்கு முன்னாடி விஏஓகிட்டயும் ஃபாரஸ்ட் ஆபீஸ்லயும் அந்த மரத்துக்கு என்ன அனுமதி வேணும்னு கேட்டுட்டு கோடாலிய எடுங்க. சந்தனம், ஈட்டி எல்லாம் நம்ம பட்டா நிலம்தானேன்னு தொடுற மரமே இல்ல.

6. மில்லுக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி ஆணிய எடுங்க

பழைய மரத்துல கண்ணுக்குத் தெரியிற ஆணி பத்துன்னா தெரியாத ஆணி குறைஞ்சது ரெண்டு இருக்கும், தலை உடைஞ்சு உள்ளயே நிக்கும். மில்லு ரம்பத்துல அது பட்டா பல்லு போயிரும், அந்தக் காச உங்ககிட்டதான் கேப்பாங்க, சில மில்லுல பழைய மரம்னாலே ஏத்த மாட்டாங்க. நான் உடைஞ்ச ஸ்பீக்கர்ல இருந்த காந்தத்த நூல்ல கட்டி கட்டை மேல மெதுவா நகத்திப் பாத்தேன், ஆணி இருக்கற இடத்துல இழுக்கும், அங்க சாக்பீஸால வட்டம் போட்டு உளியால தோண்டி கொறடால பிடுங்கினேன். 4 கன அடிக்கு 37 ஆணி. ஒரு முழு நாள் இதுக்கே போச்சு, முதுகும் போச்சு.

எங்களுக்கு செங்கோட்டை பக்கத்துல இருக்கறதால அறுவை மில்லுக்குக் குறைவில்ல. எதுக்கும் ரெண்டு இடத்துல கேளுங்க, அறுப்புக் கூலி தனி, இழைப்புக் கூலி தனியா சொல்லுவாங்க. அளவ பேப்பர்ல பெருசா எழுதிக் கொடுத்துட்டு அங்கேயே நில்லுங்க. காப்பி குடிச்சிட்டு வர்றேன்னு நான் போன பத்து நிமிஷத்துல முதல் தடவை 3க்கு 3 கால் கட்டைய 3க்கு 2ஆ அறுத்து வச்சிட்டாங்க, எழுதாம வாயால சொன்னது என் தப்புன்னு ஆயிருச்சு.

7. காய விடுங்க, பழைய மரமா இருந்தாலும்

புது மரம்னா ஒரு இஞ்ச் கனத்துக்கு சுமாரா ஒரு வருஷம் காத்துல காயணும்கறது பொதுக் கணக்கு. அவ்வளவு பொறுமை நமக்கு ஏது, அதனாலதான் பழைய மரம்னு சொன்னேன். ஆனா பழைய உத்திரத்தையும் அறுத்த பிறகு உள்ள இருந்த இறுக்கம் தளர்ந்து கொஞ்சம் வளையும், அந்த வளைவு டேபிள்ல மாட்டின பிறகு வர்றதவிட முன்னாடியே வந்துட்டா நல்லது.

நிழல்ல, காத்து வர்ற இடத்துல, தரையில ரெண்டு செங்கல் வச்சு அதுக்கு மேல பலகைய அடுக்குங்க. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல ஒரு இஞ்ச் ரீப்பர் குச்சி மூணு வைக்கணும், குச்சி எல்லாம் ஒண்ணுக்கு மேல ஒண்ணு நேரா வரணும், மாறி மாறி வச்சா பலகை அப்படியே அலை மாதிரி காயும். மேல ரெண்டு கருங்கல் பாரம். பலகையோட ரெண்டு முனையிலயும் வீட்டுல மிச்சம் இருக்கற பெயின்ட்ட அடிச்சிருங்க, முனை வழியா ஈரம் வேகமா போறதாலதான் அங்க வெடிக்குது. வெயில்ல போட்டா சீக்கிரம் காயுமேன்னு போட்டுறாதீங்க, சீக்கிரம் வெடிக்கும்.

காய்ஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்? அறுத்த துண்டு ஒண்ண அந்த அடுக்குலயே வச்சு வாரா வாரம் சமையல் தராசுல எடை போடுங்க. எடை இறங்கிக்கிட்டே இருந்தா இன்னும் ஈரம் போகுதுன்னு அர்த்தம், ரெண்டு வாரம் ஒரே எடையில நின்னா ஆரம்பிக்கலாம். எனக்கு மூணாவது வாரத்துல நின்னுச்சு.

8. என்னென்ன சாமான்

கை டிரில்லிங் மெஷின், மூலைமட்டம், டேப், கை ரம்பம், உளி ஒண்ணு, சுத்தியல், ஜி கிளாம்ப் நாலு, ஸ்பானர். அவ்வளவுதான். சர்க்குலர் சா வாங்கணும்னு கை துறுதுறுக்கும், ஒரு டேபிளுக்காக வாங்காதீங்க, பழக்கமில்லாத கைக்கு அது ஆபத்தும் கூட. அறுப்ப மில்லுலயே முடிச்சிட்டோம்ல. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், தேக்குத் தூசி சிலருக்கு அரிப்பு, தும்மல்னு படுத்தும்.

ஸ்க்ரூ, போல்ட் எல்லாமே எஸ்எஸ் 304ங்கற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா கேட்டு வாங்குங்க. சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டா ஒரு மழையில துருப்பிடிச்சு தேக்குல கருப்பா கோடு இறங்கும், தேய்ச்சாலும் போகாது. அதே ஸ்பீக்கர் காந்தத்த கடைக்கும் கொண்டு போனேன், பளபளன்னு இருக்கற ஸ்க்ரூ பச்சக்குன்னு ஒட்டுச்சுன்னா அது 304 இல்ல, பெரும்பாலும் முலாம் பூசின இரும்பு. பசைக்கு தண்ணி தாங்குற மரைன் வகைதான் வேணும், சாதா வெள்ளைப் பசை மழையில பாலா கரைஞ்சு வரும்.

9. கால் பிரேம்

டேபிளோட ரெண்டு பக்கமும் ஏணி மாதிரி ஒரு பிரேம். ரெண்டு கால், மேல ஒரு குறுக்குச் சட்டம், தரையில இருந்து 5 இஞ்ச் உயரத்துல இன்னொரு குறுக்குச் சட்டம். காலோட நீளம் 27½ இஞ்ச்தான் வரணும், ஏன்னா மேல குறுக்க படுக்க வைக்கிற ஒண்ணேகால் தாங்கு சட்டமும் ஒண்ணேகால் பலகையும் உக்காந்தா 30 ஆயிரும். நான் முதல்ல இத மறந்து காலயே 30ஆ வெட்டி, டேபிள் நெஞ்சு வரைக்கும் வந்துச்சு.

குறுக்குச் சட்டத்த கால்ல துளை போட்டு கழுந்து, அதாவது சட்டத்து முனையில ஒல்லியா செதுக்கின நாக்க, இறக்கி மாட்டுறதுதான் பலம். ரெண்டு பிரேமுக்கும் சேத்து எட்டு துளை. உண்மையச் சொல்றேன், இத நான் செய்யல. தெருவுல இருக்கற ஆசாரி அண்ணாச்சிகிட்ட அரை நாள் கூலி 600 ரூபாய் கொடுத்து செஞ்சு வாங்கினேன். "ஏம்ப்பா, மிச்சத்தையும் நானே முடிச்சுத் தந்துர்றேன், நீ ஏன் கெடந்து அல்லாடுத?"ன்னாரு, மானப் பிரச்சனையா போச்சு, வேண்டாம்னுட்டேன். நீங்க தைரியமா செய்யணும்னா முதல்ல ரெண்டு கழிவுத் துண்டுல பழகுங்க. கழுந்து கையால தட்டினா இறங்கணும், சுத்தியலால அடிச்சு ஏத்துற மாதிரி இருந்தா கால் பிளக்கும்.

ரெண்டு பிரேமையும் நிக்க வச்சு வெளிப்பக்கமா மேல 4 அடி சட்டம் ரெண்டு, கீழ நடுவுல ஒரு 4 அடி சட்டம். வெளிச்சட்டம் உக்கார்ற இடத்துல கால்ல அந்தச் சட்டத்தோட கனத்துக்குப் பள்ளம் வெட்டிக்கோங்க, அப்போதான் பாரம் போல்ட் மேல விழாம மரத்து மேல உக்காரும். ஒரு இடத்துக்கு ரெண்டு போல்ட், வாஷரோட. இந்த நீளச் சட்டத்துக்கு மட்டும் பசை போடாதீங்க, நாளைக்கு வீடு மாறும்போது போல்ட்ட கழட்டினா டேபிள் தனித்தனியா பிரிஞ்சிரும். முழுசா முடுக்குறதுக்கு முன்னாடி மூலைக்கு மூலை குறுக்க அளந்து பாருங்க, ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தா சதுரம் சரி. வித்தியாசம் இருந்தா நீளமா இருக்கற மூலைய கையால தள்ளிட்டு முடுக்குங்க.

10. மேல்பலகை: என் முதல் டேபிள் செத்த இடம்

மரம் செத்த பிறகும் மூச்சு விடும்னு ஆசாரிங்க சொல்லுவாங்க. மழைக்காலத்துல ஈரத்தக் குடிச்சு அகலத்துல விரியும், கோடையில சுருங்கும், நீளத்துல கூடுறதோ குறையுறதோ அவ்வளவா தெரியாது. நான் முதல் டேபிள்ல அஞ்சு பலகையையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, பசை போட்டு, ஸ்க்ரூவால இறுக்கி, இடுக்குல மக்குங்கற புட்டி வச்சு கண்ணாடி மாதிரி ஆக்கினேன். பச்சை வேம்பு வேற. சித்திரை வெயில்ல அது சுருங்கப் பாத்துச்சு, ஸ்க்ரூ விடல, நடுவுல டப்புன்னு வெடிச்சிருச்சு. ராத்திரி சத்தம் கேட்டு தேங்கா விழுந்துச்சோன்னு டார்ச் எடுத்துட்டுப் போனேன்.

அதனால பலகைக்குப் பலகை கால் இஞ்ச் இடைவெளி விடுங்க. மழைத் தண்ணியும் நிக்காம இறங்கிரும். ரெண்டரை அடி சட்டம் மூணையும் 28 இஞ்சா வெட்டி பிரேமுக்கு மேல குறுக்க படுக்க வச்சு, ரெண்டு ஓரம் நடுவுல ஒண்ணுன்னு, மேல இருந்து ஸ்க்ரூ போட்டு நீளச் சட்டத்தோட சேத்துருங்க. அதுக்கு மேல பலகைய பரப்பி, இடைவெளிக்கு ஒரே கனத்துல அட்டையோ குச்சியோ சொருகி வச்சுட்டு, கீழ படுத்துக்கிட்டு கீழ இருந்து மேல ஸ்க்ரூ அடிக்கணும். மேல இருந்து அடிக்காதீங்க, ஸ்க்ரூ ஓட்டையில தண்ணி நின்னு அங்கதான் அழுக ஆரம்பிக்கும்.

எட்டாம் நம்பர் ஸ்க்ரூ, ரெண்டு இஞ்ச் நீளம். ஒண்ணேகால் சட்டத்த தாண்டி முக்கால் இஞ்ச் பலகைக்குள்ள ஏறும், மேல துருத்தாது. சட்டத்துல 5 எம்எம் ஓட்டை, பலகையில 3 எம்எம் ஓட்டை, சட்டத்து ஓட்டை கொஞ்சம் தாராளமா இருக்கறதாலதான் பலகை அசைய இடம் கிடைக்கும். பலகையில டிரில் பிட்டு எவ்வளவு ஆழம் போகணும்னு பிட்டுலயே ஒரு டேப் ஒட்டிக்கோங்க, இல்லன்னா மேல பொத்துக்கிட்டு வரும். ஒரு பலகைக்கு ஒரு சட்டத்துல ரெண்டு ஸ்க்ரூ, மொத்தம் 30. ஓட்டை போடாம நேரா அடிச்சா தேக்கு பிளக்கும், எஸ்எஸ் ஸ்க்ரூ தலையும் முறிஞ்சிரும். முனையில சோப்பு தடவிட்டு முடுக்குங்க, வெண்ணெய்ல இறங்குற மாதிரி போகும்.

11. தேய்ப்பும் எண்ணெயும்

உப்புத்தாள் 80, 120, 180 இந்த வரிசையில. ரேகைப் போக்குலயே தேய்க்கணும், குறுக்க தேய்ச்சா எண்ணெய் பூசினதும் கீறல் எல்லாம் பல்லக் காட்டும். விளிம்பு நாலையும் நல்லா மழுக்கிருங்க, மிச்சத்துக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். பழைய ரம்பத் தடம் ரெண்டு பலகையில இருந்துச்சு, அத அப்படியே விட்டுட்டேன், வர்றவங்க எல்லாரும் முதல்ல தடவிப் பாக்குறதே அதத்தான்.

வார்னிஷ் அடிச்சா மூணு மாசம் ஜொலிக்கும், அப்புறம் வெயில்ல விரிசல் விட்டு தோலா உரியும், திரும்ப அடிக்கணும்னா மொத்தத்தையும் சுரண்டணும். எனக்கு எண்ணெய்தான் சுலபமா பட்டுச்சு. ஹார்ட்வேர் கடையில டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்னு கேளுங்க, அதான் ஆளி விதை எண்ணெய். முதல் கோட்டுக்கு பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து துணியால தேய்ச்சு விட்டு, இருபது நிமிஷம் கழிச்சு மேல நிக்கிற எண்ணெய துடைச்சு எடுத்துருங்க. துடைக்காம விட்டா பிசுபிசுன்னு ஒட்டி தூசி எல்லாம் படிஞ்சிரும். ஒரு நாள் விட்டு ரெண்டாவது கோட், இன்னும் ஒரு நாள் விட்டு மூணாவது. பலகையோட முனை, காலோட அடி இதுக்கெல்லாம் குடிக்கக் குடிக்க ஊட்டுங்க, தண்ணி ஏறுறது அது வழியாதான்.

இதுல ஒரு விஷயத்த விளையாட்டா எடுத்துக்காதீங்க. எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி மூலையில போட்டா அது தானா சூடேறி தீப்பிடிக்கும், வெயிலே வேண்டாம். வேலை முடிஞ்சதும் துணிய விரிச்சு வெளியில காயப் போடுங்க, இல்லன்னா தண்ணியில ஊற வச்சிருங்க.

தேங்கா எண்ணெய் பூசலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. அது காயவே காயாது, எறும்புதான் வரும். வண்டி ஷெட்டுல பழைய என்ஜின் ஆயில் சும்மா தர்றாங்களேன்னு அத அடிக்கிறவங்களும் இருக்காங்க, வேலிக் கம்புக்கு வேணா அடிச்சுக்கோங்க, இட்லி வச்சு சாப்பிடுற டேபிளுக்கு வேண்டாம்.

12. எவ்வளவு ஆச்சு

பழைய தேக்கு கன அடி 1,800 வச்சு 4 கன அடி 7,200. மில்லுல அறுப்பும் இழைப்பும் 900, குட்டியானை வாடகை 600, ஆசாரி அண்ணாச்சிக்கு 600, ஸ்க்ரூ போல்ட் 650, பசை 350, உப்புத்தாள் 200, எண்ணெயும் டர்பன்டைனும் 700. மொத்தம் 11,200. டிரில்லிங் மெஷினும் மத்த சாமானும் ஏற்கனவே இருந்தது, இல்லன்னா அதுக்கு ஒரு மூவாயிரம் நாலாயிரம் தனியா வைங்க, இல்ல பக்கத்து வீட்டுல இரவல் கேளுங்க. காச மிச்சம் பிடிக்கணும்னா மேல்பலகைக்கு மட்டும் தேக்கு, காலுக்கும் சட்டத்துக்கும் காய்ஞ்ச வேம்பு போடலாம். ஸ்க்ரூவுலயும் பசையிலயும் மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

13. போட்ட பிறகு

கால நேரா மண்ணுல வைக்காதீங்க, கரையானுக்கு நாமளே படி கட்டிக் கொடுத்த மாதிரி. ஒவ்வொரு காலுக்கும் ஒரு கடப்பாக்கல் துண்டு வச்சு மேல ஏத்துங்க. நாலு கல்லும் ஒரே மட்டமா வேண்டாம், ஒரு பக்கம் ஒரு நூல் இறக்கமா இருந்தா தண்ணி ஓடிரும். மழை நாள்ல தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடாதீங்க, உள்ள வேர்த்து பூஞ்சை பிடிக்கும், சும்மா நனைஞ்சு காய்ஞ்சா ஒண்ணும் ஆகாது.

எண்ணெய் பூசாம விட்டா தேக்கு வெயில்ல சாம்பல் நிறத்துக்கு மாறும், அதனால பலம் குறையாது, அந்த நிறம் பிடிச்சா அப்படியே விட்டுறலாம். பிடிக்கலன்னா வருஷத்துக்கு ஒரு தடவை மே மாசக் கடைசியில, சாரல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, 120 தாளால ஒரு தேய்ப்பு தேய்ச்சு ஒரு கோட் எண்ணெய். ஒரு மணி நேர வேலை. அன்னைக்கே கீழ குனிஞ்சு போல்ட் எல்லாத்தையும் ஒரு முடுக்கு முடுக்கிருங்க, வெயில்ல மரம் சுருங்கினதுல கால்வாசிச் சுத்து வரைக்கும் லூசாகியிருக்கும்.